மலைச்சரிவில் ஒரு கட்டடம்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சிவகாசி அச்சகங்களில் அடிக்கும் காலண்டர்களில் சுவிட்சர்லாந்து மலையையும் மர வீட்டையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். விருதுநகர் வெயிலில் அந்தப் படமே கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அந்த ஆசையே, ஜூபிலி நினைவாகக் கொடைக்கானல் சரிவில் ஒரு தியான இல்லம் எழுப்பும் எண்ணமாக வளர்ந்தது. அன்பர் ஒருவர் நிலம் தர முன்வந்துள்ளார். வரைபடமும் வந்துவிட்டது: மூன்று மாடி, முகப்பு முழுவதும் கண்ணாடி.

அதே சுவிட்சர்லாந்தில் சும்விட்க் என்னும் மலைக்கிராமத்தில் 1984-ல் பனிச்சரிவு பழைய சிற்றாலயத்தை அடித்துச் சென்றது. புனித ஆசீர்வாதப்பர் பெயரால் புதிய சிற்றாலயத்தை 1988-ல் கட்டியவர் பீட்டர் சும்தோர். பனிச்சரிவு எட்டாத இடத்தைத் தேர்ந்து, மரத்தால், இலை வடிவத்தில் கட்டினார். வெளிச்சுவருக்கு மரச்சில்லுகள் வேய்ந்தார். மோஞ்ஞோ என்னும் சிற்றூரிலும் 1986-ல் இதே கதி. அங்கே மாரியோ போத்தா வெள்ளைப் பளிங்கையும் சாம்பல் நிறக் கருங்கல்லையும் வரிவரியாக அடுக்கி, தடித்த சுவரோடு 1996-ல் முடித்தார். ஊரில் எதிர்ப்பும் இருந்தது. இரண்டும் புதுப்பாணிக் கட்டடங்களே. ஆகவே, பழைய கோபுர பாணிதான் வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பதாக யாரும் எண்ண வேண்டாம்.

நம் மலையில் பனியில்லை, மழை உண்டு. சரிவைச் செங்குத்தாக வெட்டிச் சமப்படுத்தினால், மேலிருக்கும் மண்ணுக்கு அடிப்பிடிப்புப் போய்விடுகிறது. தடுப்புச் சுவர் எழுப்பி, நீர் வடியத் துளை விடாவிட்டால், ஊறிய மண் சுவரையே தள்ளிவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சரிவு தொடங்கியது மேலே காட்டில். கீழே ஆற்றோரம் இருந்தவர்கள் என்ன பிழை செய்தார்கள்?

இதை உங்களுக்கு நாம் விளக்குவதே அதிகப்பிரசங்கம். பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் ஏன் இடைவெளி, ஓர் அறையில் ஏன் நாலு பேருக்கு மேல் கூடாது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே கட்டடத்தின் அளவை மருந்து தீர்மானிக்கிறது. இடம் மிச்சம் பிடிக்க ஆளை நெருக்கினால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் கண்டோம். அன்று இங்கிருந்து ஓடியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். மலையில் அந்த அளவை மண்ணும் தண்ணீரும் தீர்மானிக்கின்றன.

கொடைக்கானலுக்கு 1993-லேயே முழுமைத் திட்டம் வந்தது. ஆனாலும் விதி மீறிய பல கட்டடங்களுக்கு 2019-ல் உயர்நீதிமன்ற ஆணைப்படி முத்திரை வைத்தார்கள். பணம் போட்டவர்கள் பூட்டைப் பார்த்து நின்றார்கள்.

லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1945-ல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தவர். மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் இமயமலைப் பிதோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். தாம் இங்கிலாந்தில் படித்தது அங்கே அவ்வளவாகப் பயன்படாது என்று கண்டு, உள்ளூர் மக்கள் கல், மண், மரம் கொண்டு கட்டும் முறையை அவர்களிடமே கற்றுக்கொண்டார். நமக்கு இது மிகவும் பிடித்த செய்தி. படித்தவர் மறுபடி மாணவராவது எளிதல்ல.

ஆகவே மூன்று மாடி வரைபடத்தை நாம் திருப்பி அனுப்பிவிட்டோம். சிலருக்கு வருத்தம் என்பது தெரியும். நன்கொடை ரசீது வாங்கியவர்களும் கேட்பார்கள். நிலத்தைப் பார்க்காமல் ஒரு செங்கல்லும் வாங்கப் போவதில்லை. அடைமழைக் காலத்தில், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நேரில் பார்க்கப் பேரவை உறுப்பினர்கள் நாலு பேர் போகட்டும். அவர்களோடு நம் பங்கின் கொத்தனார்கள் இருவரும் போகட்டும். சரிவு தாங்காது என்று அவர்கள் சொன்னால், நிலத்தை அன்பரிடமே நன்றியோடு ஒப்படைப்போம். தாங்கும் என்றால், வெட்டாமல் படிப்படியாக இறங்கும் ஒற்றைத் தள அறைகள் பத்து போதும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பெயர் கொடுங்கள். குடை கொண்டு வாருங்கள்.