கள்ள நோட்டும் போலி வீடியோவும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



என் அக்காவுக்கு வயது 76. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு 'டாக்டர்' வீடியோவை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். வெந்தயத் தண்ணீரே போதுமாம்! உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அந்த டாக்டரே ஏஐ செய்த பொம்மை. நான் கத்திவிட்டேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் எந்த வீடியோவையும் என்னிடம் காட்டுவதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

வங்கிக் கவுண்டரில் கள்ள நோட்டு வந்தால் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு ரசீது கொடுப்போம். ஒன்றிரண்டு நோட்டு கொண்டுவந்தவரைத் திருடன் என்பதில்லை. அவரும் ஏமாந்தவர்தானே?

வீட்டுப் பெரியவர்களிடமும் அப்படியே இருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். மருந்து, பணம் இரண்டுக்கும் மட்டும் "என்னை ஒரு வார்த்தை கேளுங்க" என்று சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.