சுவிகாரப் பிள்ளைக்குப் பின்வரிசையா?



விசுவாசித்த அன்றே தேவன் நம்மைப் புத்திரசுவிகாரம் எடுத்துக்கொண்டார் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம், ஆமென் சொல்கிறோம். வீட்டுக்குப் போய் மகளுக்கு வரன் தேடி விளம்பரம் எழுதும்போது, ‘கிறிஸ்தவர்’ என்பதற்குப் பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிறோம். ஏனென்று கேட்டால், “அது ஆவிக்குரிய உறவு ஐயா, இது உலகக் காரியம்” என்கிறார்கள்.

இந்தப் பதிலுக்கு வயது இருநூறை நெருங்குகிறது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் என்ன நடந்தது? பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்! நம் வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்தான். அவர் கீர்த்தனையை நானும் பாடுவேன். அந்த வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன்.

ஆவிக்குரியது மட்டும்தானாம்! ரோமச் சட்டம் நடந்த உலகத்தில் அல்லவா பவுல் இந்தப் புத்திரசுவிகாரத்தைப் பற்றி எழுதினார்? அங்கே சுவிகாரம் போன பிள்ளைமேல் பழைய தகப்பனுக்கு அதிகாரம் கிடையாது. பெயர் மாறும், குடும்ப வழிபாடு மாறும், சொத்தில் பங்கு வரும். இதைவிட உலகக் காரியம் எது? இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது ஆண்டுகொண்டிருந்த திபேரியு, அகுஸ்து சுவிகாரம் எடுத்த பிள்ளை. பவுல் ரோமாபுரிச் சபைக்கு நிருபம் எழுதியபோது சிங்காசனத்தில் இருந்த நீரோ, கி.பி. 50-இல் கிலவுதியு சுவிகாரம் எடுத்தவன். பெற்ற மகன் பிரித்தானிக்குப் பின்னுக்குப் போனான். (நீரோ நல்ல பிள்ளையா என்று கேட்காதீர்கள், அதற்கு வேறு கூட்டம் போட வேண்டும்.) அந்த ஊரில் அடிமைகளும் உட்கார்ந்து கேட்ட சபைக்கு, நீங்கள் சுதந்தரவாளிகள் என்று பவுல் எழுதினால், அவர்களுக்கு அது வெறும் ஆறுதலாகவா கேட்டிருக்கும்?

பழைய தகப்பனின் அதிகாரம் அற்றுப்போனது என்றால், பழைய சாதியின் அதிகாரம் மட்டும் எப்படி மிஞ்சும்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவரின் குழிகளைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்களே, செத்த பிறகும் பங்காளி ஆக விடமாட்டோம் என்றுதானே? 1950-ஆம் ஆண்டு ஆணையைக் காட்டி, கிறிஸ்தவனுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்கிறது அரசாங்கம். இங்கே சபையோ அவனுக்குச் சாதியை மறக்காமல் நினைவூட்டுகிறது. இரண்டு பக்கமும் அடி அவனுக்குத்தான்!

சபைத் தேர்தல் வருகிறது. ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், நம் கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் யாருக்கு என்று கேளுங்கள். மழுப்பினால், ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புங்கள்.