யாருடைய ஜனநாயகம், யாருடைய போர்?

(தந்தை சிவராஜ் நினைவுச் சொற்பொழிவு, கொருக்குப்பேட்டை)



தந்தை சிவராஜ் 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று பிறந்தார். 1964ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29 அன்று மறைந்தார். அவர் நினைவாக இந்த ஆண்டு உலகப் போரைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தபோது, நம் மாணவர்கள் சிலர் கேட்டார்கள்: "உலகப் போருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் தோழர்? நம்ம தெருவுல தண்ணி வரல, அதைப் பேசுங்க." நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

உலகம் இரண்டு அணியாகப் பிரிகிறது, ஒரு பக்கம் ஜனநாயக நாடுகள், மறுபக்கம் சர்வாதிகார நாடுகள் என்று இன்று தினமும் கேட்கிறோம். 2021 டிசம்பரில் அமெரிக்கா ஜனநாயகத்துக்கென்று ஓர் உச்சி மாநாடு கூட்டியது. இந்தியாவும் அதில் கலந்துகொண்டது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் உரத்துக் கேட்கிறது. பேச்சு புதிதல்ல. இரண்டாம் உலகப் போரும் இதே பெயரில்தான் நடந்தது. அந்தப் போர் நம் வீட்டு வாசல் வரை வந்தது.

அதற்கு முந்தைய போரே வந்தது. சாமர்த்தியசாலியைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. சண்டை ஐரோப்பிய ராஜாக்களுடையது. எரிந்தது வடசென்னை.

இரண்டாவது போரில், 1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியர் ஒருவரையும் கேட்கவில்லை. ஜனநாயகத்துக்கான போர் ஜனநாயகம் இல்லாமல்தான் நமக்கு வந்து சேர்ந்தது. 1941 ஆகஸ்டில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அட்லாண்டிக் சாசனம் வெளியிட்டார்கள். எல்லா மக்களுக்கும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது அது. அடுத்த மாதமே, நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனதில் வைத்துத்தான் அதைச் சொன்னோம், இந்தியாவை அல்ல என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கம் கொடுத்தார்.

1942 ஏப்ரலில் ஜப்பான் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை மீது குண்டு போட்டது. அடுத்தது சென்னை என்று பயம். அவசியப் பணியில் இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்றது அரசு. அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிரியல் பூங்காவின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சொந்த ஊரில் நிலமும் வீடும் உள்ளவர்கள் ரயிலேறினார்கள். அவசியப் பணி என்றால் என்ன தோழர்களே? கப்பலில் மூட்டை இறக்குவது, ரயிலுக்குக் கரி அள்ளிப் போடுவது, ஊரின் மலத்தைச் சுமப்பது. சமாதான காலத்தில் தீட்டு என்று ஒதுக்கிய வேலை, போர்க்காலத்தில் அவசியப் பணியாகிவிடுகிறது. கொரோனா ஊரடங்கில் இதை நாமே பார்த்தோம்.

இதே கதை கடலுக்கு அப்பால் இன்னும் கொடுமையாக நடந்தது. ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்களும் நகரத்தைச் சுத்தம் செய்தவர்களும் பெரும்பாலும் இந்தியக் கூலிகள், தெலுங்கர்களும் தமிழர்களும். அவர்களில் நம் மக்கள் ஏராளம். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. பிழைத்தவர்கள் ஊரை விட்டு நடந்தார்கள். துறைமுகம் முடங்கியது, குப்பை மலையானது. நடந்து போனவர்களை வழியில் மறித்துத் திருப்பி அனுப்பியது ஆங்கிலேய நிர்வாகம். அவர்கள் உயிரை விட அவர்கள் கை தேவைப்பட்டது. ரங்கூன் விழுந்த பிறகு கைகளும் தேவைப்படவில்லை. சுமார் 5 லட்சம் பேர் பர்மாவிலிருந்து வெளியேறினார்கள். பெரும்பகுதியினர் அரக்கான் மலைகளைத் தாண்டியும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்கள் நம் பக்கத்துத் தெருக்காரர்கள். அந்த வீடுகளில் மிச்சமிருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு எழுதிவையுங்கள்.

அப்படியானால் எதிர் அணி நல்லதா? ஆசியா ஆசியர்களுக்கே என்று முழங்கிக்கொண்டு ஜப்பான் வந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோனது. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை அந்தக் காட்டில் மனிதர்கள் புழுப்போல் செத்தார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் புல்வெளியோடு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியக் கூலிகள். தமிழ்க் கூலிகளின் பெயர்களைக்கூட யாரும் முழுதாக எழுதிவைக்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவர்களை விட்டுவிட்டு ஓடினான். ஜப்பான்காரன் அவர்களைப் பிடித்துப்போனான். போர் முடிந்தபின் இருவரும் மறந்தார்கள்.

நேதாஜியின் படையில் இதே தோட்டத் தமிழர்கள்தானே சேர்ந்தார்கள் என்று கேட்பீர்கள். உண்மை. கூலி என்று மட்டுமே அழைக்கப்பட்டவர்கள் சிப்பாயாக நிமிர்ந்து நின்றார்கள். அந்த நிமிர்வை நாம் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆனால் அதே காலத்தில் அவர்களுடைய அண்ணன் தம்பிகள் அதே ஜப்பானின் தண்டவாளத்துக்கு அடியில் புதைந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டு பக்கமும் நம்மைக் கூலியாகத்தான் பார்த்தது என்றால், நமக்கென்ன என்று ஒதுங்கிவிடலாமா? இங்கேதான் அண்ணலும் தந்தை சிவராஜும் நமக்கு வழி காட்டுகிறார்கள்.

1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த அகில இந்திய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சிவராஜ். ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு பிறந்தது அங்கேதான். அந்த மாநாட்டில் அண்ணல் பேசினார். இந்தப் போர் சர்வாதிகாரத்துக்கும் ஜனநாயகத்துக்கும் நடக்கும் போர், அந்தச் சர்வாதிகாரம் இன ஆணவத்தின் மீது நிற்பது, ஜனநாயகம் அழிந்தால் நம் கதியும் முடிந்தது என்றார். பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்ற கொள்கை உலகத்தை ஆண்டால் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் நடுநிலை பேசவில்லை.

ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடவில்லை. அதே மாநாடு பிரிட்டனின் கிரிப்ஸ் திட்டத்தை நிராகரித்தது. நமக்குப் பாதுகாப்பு இல்லாத அரசியல் அமைப்பை ஏற்க மாட்டோம் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் கனடாவில் நடந்த பசிபிக் உறவுகள் மாநாட்டுக்கு அண்ணல் ஓர் ஆய்வுரை எழுதினார். ரோமின் அடிமைகள், அமெரிக்காவின் கறுப்பர்கள், ஜெர்மனியின் யூதர்கள் வரிசையில் இந்தியாவின் தீண்டப்படாதவர்களை வைத்தார். ஹிட்லரை எதிர்த்துப் போராடுகிறவர்களிடம், உங்கள் வீட்டுக்குள்ளும் பாருங்கள் என்று சொன்ன வரிசை அது.

1943 செப்டம்பரில் தில்லியில் தொழிற்சங்கத் தோழர்களிடம் அவர் இன்னும் ஆழமாகப் போனார். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நாடாளுமன்ற ஜனநாயகம் ஏன் இவ்வளவு எளிதாக விழுந்தது? அரசியலில் ஓட்டு கொடுத்தது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவம் கொடுக்கவில்லை. அதனால் விழுந்தது என்றார். சர்வாதிகாரம் வெளியிலிருந்து கப்பலில் மட்டும் வருவதில்லை. ஜனநாயகம் காலியாக விட்டுவைத்த இடத்தில் அது முளைக்கிறது.

நம் தலைவர் என்பதற்காக ஒன்றை மறைக்கக் கூடாது. போருக்கு நிலக்கரி வேண்டும் என்று 1943இல் பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கத் தடை நீக்கப்பட்டது. தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் அதை நியாயப்படுத்திப் பேச வேண்டிவந்தது. 1946இல்தான் தடை திரும்பியது. சரியான அணியில் நின்றாலும் போரின் விலையை அடியில் இருப்பவரே கொடுக்கிறார். 1943இல் உருவாக்கிய சமார் ரெஜிமென்ட், கோஹிமாவில் சண்டையிட்ட படை, 1946இல் கலைக்கப்பட்டது. வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். அதுவும் ஜனநாயகத்துக்காகப் போராடிய அரசின் ஆட்சியில்தான்.

இன்றைக்கு வருவோம். 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல் பாலஸ்தீனத் தொழிலாளர்களை நிறுத்திவிட்டு, கட்டட வேலைக்கு இந்தியாவில் ஆள் எடுத்தது. 2024 ஜனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு மார்ச்சில், உதவியாளர் வேலை என்று சொல்லி இளைஞர்களை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பிய தரகர்கள் மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. ஒரு வரிசை ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கு, இன்னொன்று சர்வாதிகார நாட்டுக்கு. இரண்டிலும் நிற்கிறவன் வேலை கிடைக்காத ஏழை வீட்டுப் பையன். கங்காணிக்குப் பெயர் மட்டும் ஏஜென்ட் என்று மாறியிருக்கிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஜனநாயகத்துக்காகப் போர் என்று யாராவது கொடி அசைத்தால், அண்ணலிடமிருந்து இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இன ஆணவத்துக்கும் சர்வாதிகாரத்துக்கும் எதிராக நிற்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. அது நம் சொந்தச் சண்டை. அதே மூச்சில் கேட்போம்: உங்கள் ஜனநாயகத்தில் மலக்குழியில் இறங்குகிறவன் யார்? 2013இலேயே சட்டம் போட்டும் அந்தச் சாவு ஏன் நிற்கவில்லை? அரசியலில் ஒருவரைப் பக்தியோடு கும்பிடுவது சர்வாதிகாரத்துக்குத்தான் கொண்டுபோகும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தாரே, அதைக் காதில் வாங்கினீர்களா?

நம்ம தெருவுல தண்ணி வரல என்று கேட்ட தம்பிக்குச் சொல்கிறோம். கேள்வி சரி. அதைத் தெருவில் மட்டும் கேட்காதே. ஜனநாயகம் பற்றிப் பேசும் எல்லா மேடையிலும் கேள்.