பத்து நாணயங்கள்

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி ஒசியோலா மெக்கார்ட்டி. ஊரார் துணியை வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது தொழில். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது.

அவரிடம் கார் கிடையாது; எங்கே போனாலும் நடைதான். வாஷிங் மெஷின் வாங்கிப் பார்த்தார். தன் கை வெளுப்புக்கு அது ஈடாகவில்லை என்று தள்ளிவிட்டு, பழையபடி கையாலேயே துவைத்தார். அவர் கணக்கு வைத்திருந்த வங்கிக்காரர்கள் வற்புறுத்தி ஒரு ஏ.சி. வாங்க வைத்தார்கள். அதையும் விருந்தாளி வந்தால்தான் போடுவாராம்! கஞ்சத்தனம் என்கிறீர்களா? கஞ்சனுக்கு ஆசை இருக்கும், செலவழிக்க மனம் வராது. இவருக்கு அந்த ஆசையே இருந்ததாகத் தெரியவில்லை.

கூலியில் மிஞ்சியதை வங்கியில் போட்டார், தொடவில்லை. வட்டி தன் பாட்டுக்கு ஏறியது. மூட்டுவாதத்தால் 86 வயதில் வேலையை நிறுத்தியபோது இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது.

அதை எப்படிப் பிரிப்பது? வங்கி அதிகாரி பத்து நாணயங்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு. தேவாலயத்துக்கு ஒன்று, உறவினர் மூவருக்கு ஆளுக்கொன்று என்று ஒதுக்கினார் அம்மையார். மீதி ஆறும் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு, ஏழை மாணவர் படிப்புக்காக. 1,50,000 டாலர்! அவர் இளமையில் கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளாத பல்கலைக்கழகம் அது.

1995இல் செய்தி வெளியானதும், அதற்குச் சமமான தொகையைத் தாங்களும் திரட்டித் தருவதாக உள்ளூர் வியாபாரிகள் முன்வந்தார்கள்.