குளம் கூளமாகக் கூடாது

(நெம்மேலியில் இளைஞர்கள் தாங்களே எழுதி மெட்டமைத்த குழுப்பாடலைப் பாடிக்காட்டிய பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)



பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். ஆனா அதோட எழுந்து போக மனசு வரல. நம்ம பாட்டுக்கு வெளியில் கிடைக்கிற பதில் ரெண்டு விதம். சபாக்காரர் ‘சுருதி சேரல’ என்று கதவைச் சாத்துவார். இரக்கப்படுகிறவர் ‘என்னா ஆவேசம்!’ என்று சொல்லிவிட்டுப் போவார். ரெண்டு பேருமே பாட்டைக் கேக்கல. வருகிற ஏப்ரல் 14 அன்று முதல்முறையாக ஊர்த்தெரு முனையில் பாடப்போகிறீர்கள். அங்கே சொல் விளங்காமல் போனால், அதற்கும் நம் பிறப்பைத்தான் காரணம் சொல்வார்கள். ஆகவே வரிவரியாகப் பார்த்துவிடுவோம்.

மகாத் குளத்தைப் பாட்டின் நடுவில் வைத்தது நல்ல முடிவு. 1927 மார்ச் 20இல் பாபாசாகேப் அந்தக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். கடல்நீரைக் குடிநீராக்கிப் பட்டணத்துக்கு அனுப்புகிற ஆலை 2013இலிருந்து நம் ஊரில் இருக்கிறது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எதையும் விளக்காமல் விட்டீர்களே, அந்தத் துணிவு கவிதை எழுதுகிற எங்களுக்கே லேசில் வராது.

ஆனால் மெட்டு என்ன செய்கிறது? ‘குளம்’ என்ற சொல்லில் ‘கு’வைப் பிடித்து நாலு தட்டு இழுக்கிறீர்கள். குறிலை இழுத்தால் நெடில். குளம் கூளமாகிவிட்டது. மூணாவது சரணத்தில் பறை பாறையாகிவிட்டது. பாபாசாகேப் கூளத்திலா இறங்கினார்? (சிரிக்காதீங்க, அன்னிக்கு அவங்க சிரிப்பாங்க.) இதுக்காக மெட்டையே மாத்த வேண்டாம். ‘கு’வைச் சட்டுனு விட்டுட்டு, கடைசி ‘ம்’மில் வாயை மூடி நில்லுங்க. பன்னிரண்டு பேர் அப்படி நின்றால் தண்ணிக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். பறையில் கடைசி ‘ஐ’யை இழுக்கலாம், தாங்கும். வங்கியில் என் மேசைக்கு வருகிற காசோலையில் எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகலன்னா திருப்பித் தருவேன். அதுக்காக அவர் கணக்கை மூடிட மாட்டேன்.

அடுத்து, மூன்று குரலாகப் பிரித்திருப்பது. எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்துப் பாரதியைப் பல குரலில் பாடவைத்தவர். நமக்கு வராத வித்தை ஒண்ணுமில்ல. ஆனா மூன்று குரலும் ஒரே நேரத்தில் மூன்று சொல்லைச் சொன்னால் ஒன்றும் காதில் விழாது. செய்தி இருக்கிற வரியை ஒரே குரலாகப் பாடுங்க. சொல் முடிஞ்சு ஓசை மட்டும் நிற்கிற இடத்தில் பிரியுங்க. மூச்சையும் எல்லாரும் ஒரே இடத்தில் வாங்காதீங்க, பாட்டில் ஓட்டை விழுது.

சுருதி தம்பிகள் தொண்டைக்கு வைத்தது. ஏழு பெண் பிள்ளைகளும் அடியில் முனகுகிறார்கள். நடவில் பாட்டெடுத்துக் கொடுப்பது யாரு? நம்ம அம்மா, பெரியம்மாதானே? பல்லவியைத் தங்கச்சி ஒருத்தி எடுக்கட்டும், மத்தவங்க வாங்கிப் பாடுங்க. சுருதி அவள் தொண்டைக்கு. தம்பிகள் கீழ்ஸ்தாயியில் சமாளிப்பார்கள்.

கடைசிச் சரணம் தலைவர்கள் பெயர்ப்பட்டியல். ஓட்டர் லிஸ்ட் படிக்கிற மாதிரி இருக்கு. இரட்டைமலை சீனிவாசன் நம்ம செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர். அவர் ஒருவரை வைத்து நாலு வரி எழுதுங்க. மற்றவர்கள் அடுத்த பாட்டுக்கு.

பறையை விட்டுட்டு கீபோர்டே போதும்னு யாரோ யோசனை சொன்னாங்களாம். வேண்டாம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் பறையும் கிதாரும் சேர்ந்துதான் நின்றன. ஆனா சொல் வருகிறபோது சிண்டுக்குச்சி மட்டும் பேசட்டும். சரணம் முடிஞ்சதும் அடிக்குச்சி இறங்கட்டும். கடற்காத்துக்குத் தோல் தளரும், முன்னாடியே தீயில் காட்டிக்குங்க.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 2005இல் மறைந்த நம் பரட்டை அண்ணன், நாட்டுப்புற இசையை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய இசை அது. அதனால் நான் சொன்னதில் ஒத்துவராததைத் தள்ளுங்க. ஆனா பாடிப் பாத்துட்டுத் தள்ளுங்க.

இப்ப பறை வேண்டாம். குளம் வருகிற அந்த ஒரு வரியை மட்டும் பாடுங்க, கேப்போம்.