நர்சிங் பிள்ளைகள் நம் ஊரில் இருந்த மூன்று வாரம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டைப் பார்த்துக்கொண்டு, குழுவில் கணக்கு எழுதிக்கொண்டு இருக்கிறேன். மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் மகளிர் குழு முதலில் ஆரம்பித்தது 1989-ல், நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்றிலிருந்து சேமிப்பு, கடன், கறவை மாடு, பிள்ளைகள் படிப்பு என்று எத்தனையோ விஷயம் பாயில் உட்கார்ந்து பேசிவிட்டோம். நம் உடம்பைப் பற்றி மட்டும் பேசினது கிடையாது. அதைப் பேச வைத்தது யார் என்றால், சமுதாய சுகாதாரப் பயிற்சிக்கு நம் ஊருக்கு வந்த நர்சிங் பிள்ளைகள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நர்ஸ் படிப்பு ஆஸ்பத்திரிக்குள்ளேயே முடிந்துவிடும் என்றுதான் நம்மில் பலபேர் நினைத்திருப்போம். அப்படி இல்லை. ஊருக்குள் வந்து வீடு வீடாகப் போவதும் அவர்களுக்கு ஒரு பாடம். முதல் இரண்டு நாள் ஊரையே படமாக வரைந்தார்கள். குடிதண்ணீர்த் தொட்டி எங்கே, சாக்கடை எங்கே தேங்குது, அங்கன்வாடி எங்கே, எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எல்லாம் அந்தப் படத்தில் இருந்தது. பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் சில குடும்பங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு ஒரு பிள்ளை வந்தாள்.

வந்ததும் திண்ணையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் பையை வைப்பாள். முதலில் சோப்பை எடுத்துக் கை கழுவுவாள். அப்புறம்தான் மற்ற சாமானைத் தொடுவாள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, எங்க திண்ணை அவ்வளவு அழுக்கா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "இல்ல பாட்டி, நான் அடுத்த வீட்டிலிருந்து வரேன். அங்க இருக்கிற கிருமியை உங்களுக்குக் கொண்டுவரக் கூடாதில்ல" என்றாள். அப்புறம் அந்தப் பாட்டியே செம்பில் தண்ணீர் எடுத்து வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தார். மேல்தெரு, காலனி என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் உட்கார்ந்தார்கள், எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் அவர்களுக்கும் ஒன்றும் சரியாக ஓடவில்லை. காலை பத்து மணிக்கு வந்தால் வீட்டில் யார் இருப்பார்கள்? பாதிப்பேர் நூறு நாள் வேலையில், மீதிப்பேர் காட்டில். பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களே நேரத்தை மாற்றி, காலை ஏழு மணிக்கும் சாயந்திரம் ஐந்து மணிக்கும் வந்தார்கள். சத்துணவு பற்றிப் பேசும்போது ஆப்பிள், மாதுளை, பேரீச்சம்பழம் என்று அட்டைப் படம் காட்டினார்கள். ஓர் அக்கா எழுந்து, "பாப்பா, அந்த ஆப்பிளை நீ வாங்கித் தா, நான் தின்கிறேன்" என்று சொல்ல, கூட்டமே சிரித்தது. அடுத்த நாள் அதே பிள்ளைகள் முருங்கைக்கீரை, கொள்ளு, பச்சைப்பயறு, வேர்க்கடலை, எள், முட்டை, கருவாடு என்று நம் வீட்டில் இருப்பதையே எடுத்து வைத்துப் பேசினார்கள். களிக்குக் கீரைக் குழம்பு வைத்தால் கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது என்றார்கள். இதற்குக் காசு ஒன்றும் ஆகாது பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் சம்மதம் கேட்டுத்தான் பேர் சொல்லாமல் பேசுகிறேன். வேலைக்குப் போனால் பத்து கூடை மண் தூக்குவதற்குள் உட்கார்ந்துவிடுவார். படி ஏறினால் மூச்சு வாங்கும். "சோம்பேறி" என்று வேலையிடத்தில் பேச்சு வாங்கியிருக்கிறார். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் மாதாமாதம் சத்து ஊசி போட்டுப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நாக்கை, நகத்தைப் பார்த்தாள். எல்லாம் வெளுத்துக் கிடந்தது. உடனே ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, "மாதவிலக்கு எத்தனை நாள் இருக்குங்க அக்கா?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை வந்தபோதுதான் அக்கா வாயைத் திறந்தார். மாதம் பத்துப் பன்னிரண்டு நாள், அதுவும் கட்டி கட்டியாக, இப்படி மூன்று வருஷம். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பிள்ளை நம் நர்சம்மாவிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே போனாள். ஹீமோகுளோபின் 6.2 என்று வந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், மருந்து மாத்திரை கொடுத்தார்கள். வைத்தியத்துக்குச் செலவு இல்லை. பஸ்ஸுக்கும் கூட இருப்பவர் சாப்பாட்டுக்கும் குழுவிலிருந்து உள்கடன் கொடுத்தோம். இப்போது 11-க்கு வந்துவிட்டார். இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் சில மாதம் அப்படியே விட்டிருந்தால் இருதயமே தாங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்களாம்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. 2019-லிருந்து 2021 வரை அரசாங்கம் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பந்தலில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை கிடைக்காமலா இப்படி? அந்தப் பிள்ளை எங்கள் தெருவில் பரண், டப்பா எல்லாம் பார்த்ததில், கொடுத்த சத்து மாத்திரை பாதி அட்டை பிரிக்காமலே இருந்தது. குமட்டுது, வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகுது என்று பயந்து நிறுத்தியிருக்கிறார்கள். கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடலாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது, ஒன்றைக் காலையில், ஒன்றை ராத்திரியில் போட வேண்டும். இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் மாத்திரை வயிற்றுக்குள் போகும்.

மூன்று வாரம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பிள்ளையைக் கேட்டேன், "எப்படிக் கண்ணு அந்த அக்காவைப் பேச வச்ச?" என்று. "நான் ஒண்ணும் பண்ணலைங்க அக்கா. கேட்டேன், எழுதி வச்சேன், திரும்பவும் வந்தேன்" என்றாள். அவள் அம்மாவும் குழுவில் இருக்கிறாராம். அவள் படிப்புக்கு முதல் வருஷப் பணம் குழுக்கடன்தானாம். கேட்டதும் மனசு நிறைந்துபோனது. நம்மைப் போல ஒரு குழு கொடுத்த கடன்தான் நம் வீட்டு வாசலுக்கு வந்து நம் அக்காவைக் காப்பாற்றியிருக்கிறது.

பிள்ளைகள் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் வருவார்களோ, வேறு ஊருக்குப் போவார்களோ. ஆனால் கேட்பது, எழுதி வைப்பது, திரும்பப் போய்ப் பார்ப்பது, இந்த மூன்றும் நமக்குப் புதுசா? கடன் தவணை விஷயத்தில் இதைத்தானே மாதாமாதம் செய்கிறோம். 2021 ஆகஸ்டு 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்ப்பவர்களும் நம் குழுப் பெண்கள்தானே.

எங்கள் குழுவில் போன மாதம் தீர்மானம் போட்டோம். ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து போய் ரத்தம் பார்ப்பது. இரண்டு, 30 வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் செய்துகொள்வது. மூன்று, தேதியை மட்டும் குழு நோட்டில் எழுதுவது, அளவை அவரவர் கையில் வைத்துக்கொள்வது. "குழுவில் எதுக்கு உடம்பு சங்கதி, ஊரெல்லாம் பரவும்" என்று இரண்டு பேர் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் இந்த மூன்றாவது தீர்மானம். நான்கு, யாருக்குக் குறைவாக இருந்தாலும் தனியாக அனுப்பாமல் கூட ஒருவர் போவது.

எல்லாக் குழுவும் இதுபோல் ஒரு தீர்மானம் போட வேண்டும், கூட்டமைப்பு அதற்கு ஒரு பதிவேடு அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று தலைவி அக்காவை இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குழு தொடங்கும்போது 12 பேர். ரத்தத்துக்கும் 12. ஞாபகம் வைக்கச் சுலபம்தான்.