நம் பிள்ளைகளின் சான்றிதழ்களும் கணிப்பொறியும்



கல்வி உதவித்தொகைக்குரிய கடைசி நாளில் சாதிச் சான்றிதழைத் தேடி அலைவது நம் தெருக்களுக்குப் புதிதன்று. பட்டாசு ஆலையில் நாட்கூலி பெறும் தாய்க்கு அத்தேடலில் ஒரு நாள் கூலி போகும். தாள் கிடைக்காவிடில் பிள்ளைக்கு ஓராண்டே போகும். தகரப் பெட்டியிலுள்ள தாள்களை ஸ்கேன் செய்து சங்கக் கணிப்பொறியில் வைத்தால் மட்டும் போதாது. வேண்டியபோது உடனே எடுக்க வேண்டும்.

எக்ஸெல் விரிதாளில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை. முதற் கட்டத்தில் சங்க எண்; அடுத்துப் பெயர், ஊர். சான்றிதழ்க் கோப்புக்கும் அதே எண்ணே பெயர். விஷுவல் பேசிக் மொழியில் சில வரிகளில் ஒரு மேக்ரோ எழுதிவிட்டால், எண்ணுள்ள கட்டத்தை இருமுறை சொடுக்கியதும் அது கட்டத்தின் மதிப்பைப் படிக்கும். முன்னே கோப்புறையின் முகவரியையும் பின்னே 'பிடிஎஃப்' என்னும் ஈற்றையும் சேர்க்கும். அப்பெயரில் கோப்பு உண்டா என்று பார்த்துத் திறக்கும். இல்லையேல் 'இல்லை' என்று சொல்லும். அந்த 'இல்லை'தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எல்லா வரிசைகளையும் ஒருமுறை சோதிக்கச் செய்தால், எவருக்குச் சான்றிதழ் இல்லை என்பது ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிடும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க நாள் இருக்கும்.

பெயரை விட்டு எண்ணை ஏன் கொள்ள வேண்டும்? மாரியப்பன் இல்லாத தெரு நம்மிடம் ஏது? மாவட்டத்தை வைத்துப் பிரிப்பதும் ஆகாது. 1985க்கு முந்திய தாள்களில் இராமநாதபுரம் மாவட்டம். பிறகு காமராசர் மாவட்டம். 1997க்குப் பின் விருதுநகர் மாவட்டம். குடும்பம் குடியிருந்த தெரு மட்டும் மாறவில்லை! மேலும், மேக்ரோ எழுதும் பலகையில் தமிழெழுத்தை இட்டால் வினாக்குறிகளே தோன்றும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் 0012 என்று தட்டினால் எக்ஸெல் 12 என்று சுருக்கிவிடும், கோப்பு அகப்படாது. ஆகவே எண்களை 1001இலிருந்து தொடங்குக.

மேக்ரோவுள்ள ஏட்டை 'எக்ஸ்எல்எஸ்எம்' வகையாகவே சேமிக்க வேண்டும். அயலார் அனுப்பும் மேக்ரோ ஏடுகளுக்கு அனுமதி தராதீர்கள். அவற்றின் வழியே தீங்கு நுழையும். இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2022 முதல் இயல்பாகத் தடுத்து வருகிறது. நம் ஏட்டில் இருப்பவையோ குடும்பங்களின் சாதியும் வருமானமும். கடவுச்சொல் சங்கச் செயலாளரிடமும் இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும். மறுபடி ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைக்கவும் வேண்டும்.

கோடை விடுமுறையில் இளைஞர் இருவர் முன்வந்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் வரிசைகளிலிருந்து தொடங்கலாம்.